பதினைந்து வயதுப் பிள்ளையை ஆச்சி ஊருக்குத் தனியாக ரயிலேற்றி அனுப்பலாமா?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 13. ஒவ்வொரு மே மாதமும் குடும்பமாகத் திருநெல்வேலியில் ஆச்சி வீட்டுக்குப் போவோம். இந்த முறை எங்களுக்கு லீவு கிடைக்கப் பத்து நாள் தாமதமாகும். மகன் "நான் முன்னாடியே தனியா போறேன்" என்கிறான். போன இடத்திலும் தனியாக வெளியே போய்வர விட வேண்டுமாம். அனுப்பலாமா, அனுப்பினால் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்:

அனுப்பலாம். ஆனால் முதல் பயணம் பகலில், உட்கார்ந்து போகும் ரயிலில், நடுவில் எங்கும் மாறி ஏறத் தேவையில்லாதபடி இருக்கட்டும். மகளை இந்த ஆண்டு அண்ணனோடு சேர்த்து வேண்டுமானால் அனுப்புங்கள், தனியாக வேண்டாம். பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. 13 வயதுப் பையனுக்கும் இதையேதான் சொல்வேன்.

பெற்றோரின் பயமெல்லாம் ஓடும் ரயிலுக்குள் என்ன நடக்குமோ என்பதில் இருக்கிறது. உண்மையில் தடுமாற்றம் அதிகம் வருவது ஏறும் பிளாட்பாரத்திலும் இறங்கும் பிளாட்பாரத்திலும்தான். அதற்கடுத்தது, பெரியவர்கள் போனிலேயே திட்டத்தை மாற்றும்போது. இந்த மூன்றையும் இறுக்கிக் கட்டிவிட்டால் நடுவில் உள்ள 600 சொச்சம் கிலோமீட்டரைப் பதினைந்து வயதுப் பிள்ளை நன்றாகவே சமாளிக்கும்.

முதலில் எந்த ரயில் என்று பார்ப்போம். விடிகாலை 5 மணிக்கு எழும்பூரில் கிளம்பும் நாகர்கோவில் வந்தே பாரத், மதிய வாக்கில் திருநெல்வேலி வந்துவிடும். முதல் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வெளிச்சத்தில் இறங்கலாம், ரிசர்வேஷன் இல்லாத கூட்டம் உள்ளே ஏறாது, தூங்கி ஊரைத் தாண்டிப் போகும் வாய்ப்பும் குறைவு. எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் திருநெல்வேலி வந்தே பாரத்தும் வசதியானதுதான். ஆனால் ஊர் சேரும்போது இரவு 10 மணிக்கு மேல் ஆகிவிடும், அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவை வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால் தேதியையும் நேரத்தையும் டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு ரயில்தான் கிடைக்கிறது என்றால் ஒரே ஒரு விதி: பிள்ளை இறங்கும் ஊர்தான் அந்த ரயிலின் கடைசி ஊராக இருக்க வேண்டும். திருநெல்வேலிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ், தூத்துக்குடிக்கு முத்துநகர், மதுரைக்குப் பாண்டியன், செங்கோட்டைக்குப் பொதிகை. அசந்து தூங்கினாலும் ரயில் அங்கேயே நின்றுவிடும், யாராவது எழுப்பிவிடுவார்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் திருநெல்வேலி வழியாகத்தான் போகிறது, ஆனால் அது விடியாத நேரத்தில் வந்து சில நிமிடம் நின்று போய்விடும். பெரியவர்களே அதில் தூங்கி நாகர்கோவிலில் கண் விழிப்பதுண்டு. பிள்ளைக்கு அது வேண்டாம்.

டிக்கெட் 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது (2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது). மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே எடுத்துவிட வேண்டும். கன்ஃபர்ம் ஆன டிக்கெட் மட்டுமே சரி. ஆர்.ஏ.சி. என்றால் சைடு லோயரில் முன்பின் தெரியாத ஒருவரோடு இரவு முழுக்கப் பகிர்ந்து உட்கார வேண்டிவரும், அதைப் பிள்ளைக்குச் செய்யாதீர்கள். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) தயாரானதும் தானாக ரத்தாகிவிடும். "ஏறிட்டு டிடிஆர்கிட்ட கேட்டுக்கலாம்" என்பது பெரியவர்கள் செய்யும் வேலை. 12 வயது முடிந்தவர்களுக்கு முழுக் கட்டணம். உங்கள் கணக்கிலிருந்தே பதிவு செய்யலாம், ஆனால் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே போடுங்கள், வீட்டில் கூப்பிடும் பெயரை அல்ல.

தூங்கும் வசதி கோச்சில் அப்பர் பர்த் கேளுங்கள். பர்த் எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 3 அல்லது 6 வந்தால் அது அப்பர், மீதி இல்லாமல் போனால் சைடு அப்பர். லோயர் பர்த் என்றால் இரவு 10 மணி வரை யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், வயதானவர் வந்து இடம் கேட்பார், விடிந்ததும் எழுப்பிவிடுவார்கள். அப்பரில் ஏறிப் படுத்துவிட்டால் பையும் தலைமாட்டில் இருக்கும், யாரும் தொந்தரவு செய்யவும் மாட்டார்கள். பெண் பிள்ளை தனியாகவோ அம்மாவோடு மட்டுமோ போகும்போது பெண்கள் கோட்டாவில் முயலலாம். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு பர்த் இதற்கென உண்டு, வயது வரம்பு கிடையாது. பணம் இடம் கொடுத்தால் இரவுப் பயணத்துக்கு மூன்றடுக்கு ஏசி எடுங்கள். குளிருக்காக இல்லை. விடுமுறைக் காலத்தில் ஸ்லீப்பர் கோச்சின் நடைபாதையிலும் கழிவறை வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள், இரவில் பாத்ரூம் போவதே பிள்ளைக்குப் பெரும்பாடாகிவிடும்.

எந்த ஸ்டேஷனில் ஏறுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, வீடு குரோம்பேட்டையில் இருக்கிறதே என்று தாம்பரத்தில் ஏறப் போவார்கள். எழும்பூர் தாண்டியதும் டிடிஆர் "ஆள் வரவில்லை" என்று குறித்துவிட்டால் அந்த இடம் ஆர்.ஏ.சி.காரருக்குப் போய்விடும். தாம்பரத்தில் ஏறுவதானால் டிக்கெட்டிலேயே ஏறும் இடம் தாம்பரம் என்று இருக்க வேண்டும். எழும்பூரில் நடக்கும் மறுசீரமைப்புப் பணியால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நிற்பதாகவும் அங்கிருந்தே கிளம்புவதாகவும் அறிவிப்பு வருவதுண்டு. முந்தின நாளே ரயில் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அடையாள அட்டை ஒரிஜினல் வேண்டும். புகைப்படம் ஒட்டிய பள்ளி அடையாள அட்டையே செல்லும், ஆதாரும் செல்லும். இவற்றோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் கொடுத்து அனுப்புங்கள். எந்த விதியும் இதைக் கேட்கவில்லை, ஆனால் தேவைப்படும் நேரத்தில் பெரிய உதவியாக இருக்கும். வீட்டைவிட்டு ஓடிவந்த குழந்தைகளைக் கண்டுபிடித்து மீட்பது ரயில்வே பாதுகாப்புப் படையின் அன்றாட வேலைகளில் ஒன்று. எழும்பூர், சென்ட்ரல், மதுரை போன்ற ஸ்டேஷன்களில் தனியாக நிற்கும் சின்னப் பிள்ளையைப் பார்த்தால் நிச்சயம் விசாரிப்பார்கள், விசாரிக்கத்தான் வேண்டும். பதற்றத்தில் பிள்ளை மென்று விழுங்கினால் சந்தேகம் கூடும், விஷயம் குழந்தைகள் நலக்குழு வரை போகலாம். கடிதத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ரயில் எண், பி.என்.ஆர்., அனுப்புபவர் பெயரும் எண்ணும், அழைத்துப்போக வருபவர் பெயரும் எண்ணும், "என் சம்மதத்துடன் பயணிக்கிறார்" என்ற ஒரு வரியும் இருந்தால் போதும். கூடவே உங்கள் ஆதார் நகல் ஒன்று. விசாரிப்பவர் உங்களுக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சட்டமும் உண்டு. டிக்கெட் தொலைந்தோ வேறு குழப்பத்தாலோ டிக்கெட் இல்லை என்றே ஆனாலும், ஆண் துணையின்றிப் போகும் பெண்ணையோ குழந்தையையோ நினைத்த ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 139 சொல்வது இது: அவர்கள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், ரயிலின் கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் ஆகிய இடங்களில் மட்டும்தான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும்தான். "இறங்கு" என்று யார் அதட்டினாலும் பயந்து ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்லி வையுங்கள்.

இனி ஒத்திகை. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் தனியாகப் போய் வரட்டும். கவுண்டரில் டிக்கெட் எடுத்து, சில்லறை எண்ணி வாங்கி, எந்த பிளாட்பாரம் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இந்தக் கடைசிப் பழக்கம்தான் மிக முக்கியம். கூச்சத்தில் யாரிடமும் கேட்காமல் போனையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளை, பிளாட்பாரம் மாறியதாக அறிவிப்பு வந்தாலும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

பலருக்குத் தோன்றாத இன்னொரு ஒத்திகை உண்டு, அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. அடுத்த குடும்பப் பயணத்தில் பிள்ளைக்கு மட்டும் வேறு கோச்சில் டிக்கெட் எடுங்கள். நீங்கள் எஸ்6, அவன் எஸ்9. அவனே கோச்சைத் தேடி ஏறி, டிடிஆரிடம் அட்டையைக் காட்டி, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, பையோடு இறங்கி, சொன்ன இடத்தில் வந்து நிற்க வேண்டும். நடுவில் நீங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது, போன் போடக் கூடாது. ஏதாவது சொதப்பினால் மூன்று கோச் தள்ளி நீங்கள் இருக்கிறீர்கள். இதைச் சரியாகச் செய்த பிள்ளையைத் தைரியமாகத் தனியாக அனுப்பலாம். ஸ்டேஷன் வந்தும் தூங்கிக்கொண்டிருந்தான், போனை சீட்டில் விட்டுவிட்டு இறங்கினான் என்றால் இன்னொரு ஒத்திகை வேண்டும் என்று அர்த்தம். திட்டாதீர்கள், மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

பை ஒன்றே ஒன்று. முதுகில் மாட்டும் பை, ஆறு கிலோவுக்குள். கூடவே போன், பணம், அட்டை, கடிதம் வைக்கக் குறுக்கே மாட்டும் சின்னப் பை ஒன்று. பாத்ரூம் போகும்போதும் அதைக் கழற்றக் கூடாது. ஆச்சிக்கு ஊறுகாய் ஜாடி, சித்தப்பா வீட்டுக்குப் பலகாரம், அத்தைக்குச் சேலை என்று கடைசி நேரத்தில் மூன்று கட்டைப்பை சேரும். தயவுசெய்து வேண்டாம், நீங்கள் பத்து நாள் கழித்து எடுத்துப் போங்கள். பையின் எண்ணிக்கை கூடக் கூடப் பிள்ளையின் கவனமெல்லாம் அதிலேயே போய்விடும்.

பணம் 1,000 ரூபாய் போதும். 300 ரூபாய்க்குப் பத்து, இருபது, ஐம்பது நோட்டுகளாகச் சட்டைப்பையில். 500 ரூபாய் பெரிய பைக்குள் துணிகளுக்கு நடுவே. மீதி சின்னப் பையில். ஜிபே மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ரயில் நிற்கும்போது தண்ணீர் பாட்டிலுக்குக் காசுதான் வேண்டும். சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ புளியோதரையோ கட்டிக்கொடுங்கள். மே மாத வெயிலில் தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு.

போனை முழுக்க சார்ஜ் ஏற்றிக் கொடுங்கள், பவர் பேங்க்கும் வேண்டும். ரயில்களில் சார்ஜ் பாயிண்ட்டுகளை இரவு 11 முதல் விடிகாலை 5 மணி வரை அணைத்துவைக்கும் நடைமுறை இருக்கிறது. "ரயில்ல போட்டுக்கலாம்" என்று விட்டால் சரியாக இறங்கும் நேரத்தில் போன் உயிரை விடும். டிக்கெட்டைத் தாளிலும் எடுத்துக்கொடுங்கள். உங்கள் எண்ணும் ஆச்சி வீட்டு எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். இந்தக் காலப் பிள்ளைகள் பலருக்கு அம்மாவின் எண்ணே தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

கிளம்பும் நாளில் முக்கால் மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் இருங்கள். பிள்ளை பார்க்க வேண்டியது ரயிலின் பெயரை அல்ல, ஐந்து இலக்க எண்ணை. ஒரே பாதையில் இரண்டு வந்தே பாரத் ஓடுகிறது, பார்ப்பதற்கும் ஒன்றுபோல இருக்கும். நீங்கள் பின்னால் நில்லுங்கள், வழிகாட்டாதீர்கள், கோச்சை அவனே கண்டுபிடிக்கட்டும். வந்தே பாரத்தில் வழியனுப்புகிறவர்கள் உள்ளே ஏறவே கூடாது. கதவு தானாக மூடிவிடும், பயணிகளால் திறக்க முடியாது, அடுத்த நிறுத்தம் வரை போக வேண்டியதுதான். இதே காரணத்தால் பிள்ளையும் நடுவில் எந்த ஸ்டேஷனிலும் இறங்கக் கூடாது. திருச்சியில் டீ, மதுரையில் பிரட் ஆம்லெட் எல்லாம் அடுத்த வருடம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, பையன் தனியா வர்றான், திருநெல்வேலி வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று எதிர் சீட்டுக்காரரிடம் ஒப்படைப்போம். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு காரியம் நடந்துவிடுகிறது. பிள்ளை தனியாக வருவது அந்தக் கோச்சில் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவருக்குப் பிள்ளையின்மேல் பெரியவர் என்ற அதிகாரமும் வந்துவிடுகிறது. அப்புறம் அவர் "வா தம்பி, கீழ இறங்கி டீ குடிப்போம்" என்றால், அப்பாவே ஒப்படைத்த ஆளிடம் மாட்டேன் என்று சொல்லப் பிள்ளைக்கு வாய் வராது. சொல்ல வேண்டுமென்றால் டிடிஆரிடம் சொல்லுங்கள், அல்லது குழந்தைகளோடு வரும் ஒரு குடும்பத்திடம் மெதுவாகச் சொல்லுங்கள். பிள்ளையிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: யாரிடம் பேசலாம் என்பது வேறு, யார் சொன்னால் ரயிலைவிட்டு இறங்கலாம் என்பது வேறு. இரண்டாவதற்கு ஒருவரும் கிடையாது.

ரயிலுக்குள் கட்டாயம் வரும் ஒரு சங்கடம் சீட்டு மாற்றம். "தம்பி, நாங்க ஃபேமிலி, ஒண்ணா உக்காரணும், நீ அந்த எஸ்11ல 54ல போய்ப் படுத்துக்கிறியா?" என்று ஒருவர் கேட்பார். நல்லபடியாக வளர்ந்த பிள்ளை உடனே எழுந்துவிடும். ஒரே தடுப்புக்குள் மேல் கீழ் மாறுவதானால் மாறட்டும். வேறு கோச்சுக்குப் போகவே கூடாது. போனால் நீங்கள் வைத்திருக்கும் விவரம் எல்லாம் பொய்யாகிவிடும், கூட்டிப்போக வருபவர் வேறு கோச் முன்னால் நிற்பார், ரயில்வே உதவி எண்ணான 139-க்கு போன் செய்தால் ஆள் வேறு இடத்தில் தேடுவார்கள். அதோடு அந்த 54 இன்னொருவருடைய இடமாக இருந்துவிட்டால் நடுராத்திரியில் சண்டை. பிள்ளைக்கு மரியாதையாகச் சொல்ல ஒரு வாக்கியம் பழக்குங்கள்: "சாரி அங்கிள், அப்பா இந்த சீட்லயேதான் இருக்கணும்னு சொல்லியிருக்காங்க, டிடிஆர்கிட்ட கேளுங்க." வீட்டில் நீங்களே அந்த அங்கிளாக நடித்து, கெஞ்சி, கொஞ்சம் கோபப்பட்டும் காட்டி, நாலைந்து முறை சொல்லவைத்துப் பாருங்கள். வாயால் சொல்லிப் பழகாத வாக்கியம் நேரத்தில் வராது.

தொடுகை பற்றிப் பேச வேண்டும், பையனிடமும் பேச வேண்டும். 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட குழந்தைகள் மீதான வன்முறை குறித்த ஆய்விலேயே, பாலியல் தொல்லைக்கு ஆளானவர்களில் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளுக்குக் குறையாத அளவில் இருந்தார்கள். யாராவது உரசினால், தடவினால், அசிங்கமாக எதையாவது போனில் காட்டினால் செய்ய வேண்டியது: எழுந்து நின்று, கோச்சே திரும்பிப் பார்க்கும்படி "கையை எடுங்க" என்று சொல்வது. உடனே பெண்கள் இருக்கும் குடும்பத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து 139-ஐ அழைப்பது. அதில் முதல் தேர்வே பாதுகாப்பும் மருத்துவ உதவியும்தான். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 112 பொது அவசர எண். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் சங்கிலியை இழுக்கத் தயங்க வேண்டாம். காரணமில்லாமல் இழுப்பதுதான் குற்றம். பிள்ளைகள் பலர் இதையெல்லாம் வீட்டில் சொல்லாமல் மறைப்பது, "இதுக்குத்தான் தனியா அனுப்ப மாட்டேன்னேன்" என்று கேட்க வேண்டிவருமே என்ற பயத்தில். "என்ன நடந்தாலும் சொல், இதற்காக உன் அடுத்த பயணத்தை நிறுத்த மாட்டேன்" என்று கிளம்புவதற்கு முன்பே வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

போன் விஷயத்தில் நீங்கள் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். நான்கு செய்தி போதும்: ஏறி உட்கார்ந்தாயிற்று, திருச்சி, மதுரை, இறங்கியாயிற்று. அரைமணிக்கு ஒருமுறை நீங்கள் அழைத்தால் பேட்டரியும் தீரும், பிள்ளை தன் வேலையைத் தானே பார்க்கவும் பழகாது. மதுரைச் செய்தி வரவில்லை என்றால் உடனே பதற வேண்டாம், வழியில் சிக்னல் போய்ப் போய் வரும். முதலில் ரயில் எங்கே ஓடுகிறது என்று ஆப்பில் பாருங்கள். ரயில் மதுரை தாண்டி அரைமணி ஆகியும் சத்தமில்லை என்றால் அழையுங்கள். இரண்டு மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால் பி.என்.ஆர்., கோச், சீட்டு எண்ணோடு 139-க்குச் சொல்லுங்கள், அடுத்த ஸ்டேஷனில் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள்.

ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது திட்டத்தை மாற்றாதீர்கள். "பெரியம்மா இன்னிக்கு மதுரைலதான் இருக்காங்களாம், நீ அங்கேயே இறங்கிடு" என்று அன்போடு சொல்வது, பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டை எல்லாம் ஒரே அடியில் கலைத்துவிடும். டிக்கெட்டில் எந்த ஊர் இருக்கிறதோ அங்கேதான் இறங்க வேண்டும். "உங்கப்பா இங்க இறங்கச் சொன்னார்" என்று வேறு யாராவது வந்து சொன்னாலும் இதே விதிதான் பிள்ளையைக் காப்பாற்றும்.

இறங்குவதற்கு இருபது நிமிடம் முன் எழுந்து, செருப்பு மாட்டி, சீட்டையும் சார்ஜ் பாயிண்ட்டையும் பார்த்துவிட்டு வாசலுக்கு வரட்டும். கோவில்பட்டி தாண்டியதும் தயாராகத் தொடங்கலாம். நாகர்கோவில் வண்டி திருநெல்வேலியில் அதிக நேரம் நிற்காது. கூட்டிப்போக வருபவர் பிளாட்பார டிக்கெட் எடுத்து, அந்தக் கோச் வந்து நிற்கும் இடத்திலேயே நிற்க வேண்டும். "வெளியே ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்துரு" என்பது கூடாது. ஆள் வரவில்லை என்றால் பிள்ளை இறங்கிய இடத்திலேயே பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும், அதன்பிறகு நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கோ ரயில்வே போலீஸ் இருக்கும் இடத்துக்கோ போய் உட்கார்ந்து போன் செய்ய வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே தேடிப் போவதுதான் தப்பு. தாத்தாவுக்கு முழங்கால் வலி என்றால் அவரை வரச் சொல்லாதீர்கள். படியேறி நான்காவது பிளாட்பாரத்துக்கு அவரால் வர முடியாது. மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ வரட்டும், யார் வருகிறார்கள் என்று போட்டோவோடு முந்தின நாளே பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் நம் கவலை தீர்ந்துவிடும். ஆனால் ரயிலைவிடப் பெரிய ஆபத்துகள் இங்கேதான் இருக்கின்றன. முதலாவது தண்ணீர். சென்னையில் நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்ட பிள்ளைக்குத் தாமிரபரணியின் இழுப்பும் தெரியாது, பாறைக்குக் கீழே உள்ள கசமும் (ஆழமான பள்ளம்) தெரியாது. கரையிலிருந்து நான்கடியில் இடுப்பளவு, ஐந்தாவது அடியில் ஆளை முழுக்கிவிடும் ஆழம், மணல் எடுத்த பள்ளமாக இருந்தால் இன்னும் மோசம். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் படித்துறையில் சில நேரத்திலேயே மட்டம் ஏறும். எனவே ஆறு, கால்வாய், கிணறு, குளம், குற்றாலம், பாபநாசம் எதுவானாலும் அந்த இடத்தை அறிந்த, நீந்தத் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. மச்சான்களோடு போகிறேன் என்றால் போதாது. ஒருவன் மூழ்கும்போது காப்பாற்றக் குதிக்கும் அடுத்த பிள்ளையும் சேர்ந்து போவதுதான் இந்த விபத்துகளின் கொடுமை. வேட்டி, துண்டு, கயிறு, காலி குடம், எது கையில் கிடைக்கிறதோ அதை நீட்டு, வீசு, கத்திக் கூப்பிடு, நீ குதிக்காதே என்று சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது பைக். ஊரில் பதினைந்து வயதுப் பையன்கள் சித்தப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது சர்வசாதாரணம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 199ஏ-யின்படி சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளையிடம் சொல்வதைவிட, சாவி யார் கையில் இருக்கிறதோ அந்தச் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து போவதானாலும் ஓட்டுபவருக்கு லைசென்ஸ், இருவருக்கும் ஹெல்மெட்.

இவ்விரண்டையும் தவிர மற்றபடி தாராளமாக விடுங்கள். டவுன் பஸ் பிடித்து நெல்லையப்பர் கோவில், கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம், ஜங்ஷன் பக்கம் அல்வா என்று அரைநாள் சுற்றி வரட்டும். எங்கே போகிறான், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று கிளம்பும்போது ஆச்சியிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். இடம் மாறினால் ஒரு போன். முதல் இரண்டு முறை விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பட்டும். ஆச்சிக்கும் இந்த ஏற்பாட்டைச் சொல்லிவைக்க வேண்டும். இல்லையென்றால் பயந்துபோய் வாசலைத் தாண்ட விடமாட்டார், அல்லது பேரன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுவார்.

பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாக: முதல் பயணத்துக்கு இரவு ஆம்னி பஸ் வேண்டாம். கழிவறை கிடையாது, நடுராத்திரியில் மோட்டல் முன் நிறுத்துவார்கள், விடிகாலை 4 மணிக்கு "பைபாஸ்தான் சார், உள்ளே போகாது" என்று இருட்டில் இறக்கிவிடுவார்கள். அப்படியே அனுப்புவதானால் அரசு விரைவுப் பேருந்து, பகல் நேரம், பஸ் ஸ்டாண்டின் பெயரோடு. "மதுரையில் இறங்கு" என்பது போதாது, மாட்டுத்தாவணியா ஆரப்பாளையமா என்று சொல்ல வேண்டும். சென்னையில் தென்மாவட்ட பஸ்கள் கிளம்புவது கிளாம்பாக்கத்திலிருந்து. விமானமென்றால் 5 முதல் 12 வயது வரை தனியாக வரும் குழந்தைகளுக்கென்று தனிக் கட்டணத்தோடு ஊழியர் அழைத்துப்போகும் சேவையைப் பல நிறுவனங்கள் தருகின்றன. அதைத் தாண்டிய வயதில் பொதுவாகப் பெரியவர்களைப் போலவே பயணிக்கலாம்.

எப்போது அனுப்பக் கூடாது? ஆஸ்துமாவோ வலிப்போ கட்டுக்குள் இல்லாதபோது. எங்கே இருக்கிறான் என்பதில் அடிக்கடி பொய் சொல்லும் பிள்ளையென்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின இரண்டு நாள் கூட்டத்தில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்து அரையாண்டு விடுமுறையில் வானிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பயணிகளை முழுமையாக மீட்க 19ஆம் தேதி ஆகிவிட்டது. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை என்று நிறுத்திவிடுங்கள்.

மகளையும் சேர்த்து அனுப்புவதானால் இருவருக்கும் ஒரே பி.என்.ஆரில் பக்கத்துப் பக்கத்து இடம் எடுங்கள். ஆனால் டிக்கெட் நகல், அடையாள அட்டை, கடிதம், எண்கள் எழுதிய தாள், 300 ரூபாய் இவை இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் அண்ணனிடம் கொடுத்து "தங்கச்சியைப் பாத்துக்கோ" என்று விட்டால், அவன் பாத்ரூம் போன பத்து நிமிடத்தில் டிடிஆர் வந்து கேட்கும்போது அவள் கையில் ஒன்றும் இருக்காது. இருவரில் ஒருவர் பாத்ரூம் போனால் மற்றவர் சீட்டைவிட்டு எழக் கூடாது.

திரும்பி வருவதற்கு நீங்கள் அங்கே போய்விடுவீர்கள். அப்போதும் மகனைத் தனியாக அனுப்ப நினைத்தால், திருநெல்வேலியில் விடிகாலை கிளம்பும் வந்தே பாரத் வசதி: அங்கேயே கிளம்பி எழும்பூரிலேயே முடிகிறது. பள்ளி திறப்பதற்கு முந்தின சனி, ஞாயிறுக்கான டிக்கெட் முன்பதிவு திறந்த அன்றே தீர்ந்துபோகும். ஏப்ரல் தொடக்கத்திலேயே அந்தத் தேதியைக் குறித்துவைத்து, காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்ததும் எடுத்துவிடுங்கள்.